தாம்பரம் பக்கம் வாடகை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

புதுக்குடித்தனம்
வணக்கம். எனக்கு வேலை எக்காட்டுத்தாங்கலில், மனைவிக்கு நுங்கம்பாக்கத்தில். இருவரும் காலை 9.30-க்குள் ஆபீசில் இருக்கணும். மகள் ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேர்கிறாள். குரோம்பேட்டை முதல் கூடுவாஞ்சேரி வரைக்குள் இரண்டு பெட்ரூம் வீடு தேடுகிறோம்.

புரோக்கர்கள் எல்லாரும் மூன்று வாக்கியம் சொல்கிறார்கள்: "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம், தண்ணி பிரச்சினையே இல்ல, மழைக்கு ஒரு சொட்டு நிக்காது." இந்த மூன்றையும் நாமே சோதித்துப் பார்க்க வழி என்ன? மேற்குத் தாம்பரமா, கிழக்கா? கிண்டியில் இறங்கி மெட்ரோ பிடித்து எக்காட்டுத்தாங்கல் போகலாம் என்று நினைத்திருக்கிறேன், அது சரிதானா?

செங்கை லோக்கல்
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கிண்டியில் இறங்காதீர்கள், பரங்கிமலையில் இறங்குங்கள். மெட்ரோவின் பச்சை வழித்தடம் பரங்கிமலையில்தான் தொடங்குகிறது. அடுத்தது ஆலந்தூர், அதற்கடுத்தது எக்காட்டுத்தாங்கல். இரண்டே நிறுத்தம், இடையில் மாற வேண்டியதும் இல்லை. கிண்டி மெட்ரோ நீல வழித்தடத்தில் இருக்கிறது. அங்கே ஏறினால் ஆலந்தூருக்குத் திரும்பி வந்து மறுபடி வண்டி மாறணும். மனைவிக்குத் தாம்பரம் லோக்கலிலேயே நுங்கம்பாக்கம் வரை நேர் வண்டி.

நேரக் கணக்கு: தாம்பரத்திலிருந்து பரங்கிமலை சுமார் 20 நிமிடம், நுங்கம்பாக்கம் சுமார் 40 நிமிடம். கூடுவாஞ்சேரியில் குடியிருந்தால் இதோடு இன்னொரு 20 நிமிடம். வரைபடத்தில் பார்த்தால் 20 நிமிடம் பெரிதாகத் தெரியாது. பெரிய வித்தியாசம் வண்டிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. கடற்கரையிலிருந்து வரும் லோக்கல்களில் பெரும்பகுதி தாம்பரத்தோடு முடிந்துவிடும். தாம்பரம் வரை இருப்பவர்கள் நேரம் பார்க்காமல் ஸ்டேஷனுக்குப் போகலாம், ஒன்று போனால் அடுத்தது வந்துவிடும். தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் செங்கல்பட்டு வண்டிகளின் நேரத்தை மனப்பாடமாக வைத்திருக்கணும். ஒன்றைத் தவறவிட்டால் தாம்பரம் வரை பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துப் போய் அங்கிருந்து ஏறுவதுதான் வழி.

தாம்பரத்தில் இன்னொரு வசதி, காலையில் அங்கிருந்தே புறப்படும் வண்டிகள். பிளாட்பாரத்தில் காலியாக வந்து நிற்கும், உட்கார இடம் கிடைக்கும். அதே வண்டி சானடோரியம் வருவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிடும், குரோம்பேட்டையில் நின்றுகொண்டுதான் போகணும், பல்லாவரத்தில் வாசல் வரை ஆள். அதனால் "குரோம்பேட்டை பக்கம்தானே, இன்னும் கிட்ட" என்று மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நுங்கம்பாக்கம் வரை தினமும் நின்றுகொண்டு போகிறவருக்கு, தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்து போவதில் கூடுதலாகும் ஏழெட்டு நிமிடம் ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம்". அந்த ஐந்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மதியம் பைக்கில் போகும் ஐந்து நிமிடம். நீங்கள் அளக்க வேண்டியது வேலைநாள் காலை 8 மணிக்கு, வீட்டுக் கதவிலிருந்து பிளாட்பாரத்தில் உங்கள் பெட்டி நிற்கும் இடம் வரை. அதில் வண்டி நிறுத்துவது, ஜி.எஸ்.டி. சாலையை (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) கடப்பது, படியேறி இறங்குவது எல்லாம் அடக்கம். தாம்பரம் பெரிய ஸ்டேஷன். மேற்கு வாசலில் நுழைந்து நடைமேம்பாலம் ஏறி லோக்கல் பிளாட்பாரம் போய்ச் சேரவே கூட்ட நேரத்தில் ஆறேழு நிமிடம் ஆகும். ஸ்டேஷன் ஸ்டாண்டில் வண்டி விடுவதாக இருந்தால், 8.30-க்கு மேல் உள்ளே இடம் இருக்கிறதா என்று அங்கே வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். மாத பாஸ் இருந்தாலும் இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

ஜி.எஸ்.டி. ரைடர்
ரயிலை மட்டுமே நம்ப வேண்டியதில்லை ப்ரோ. எக்காட்டுத்தாங்கல் தாம்பரத்துலேர்ந்து 16, 17 கிலோமீட்டர்தான். காலை 7-க்குக் கிளம்பினா 40 நிமிஷத்துல போயிடலாம். 8.30-க்குக் கிளம்பினா ஒரு மணி நேரம் தாண்டும், பல்லாவரம், விமான நிலையம், கத்திப்பாரான்னு ஒவ்வொரு இடத்துலயும் நிக்கணும். பெட்ரோல் கணக்கு: போக வர 34 கி.மீ., மாசம் 25 நாள்னா 850 கி.மீ. லிட்டருக்கு 45 கொடுக்கற வண்டின்னா கிட்டத்தட்ட 19 லிட்டர், 1,900 ரூபாய்க்கு மேல. டயர், ஆயில், பிரேக் ஷூ தனி.

செங்கை லோக்கல்
கணக்கு சரிதான். ஆனால் இரண்டாம் வகுப்பு லோக்கல் டிக்கெட் பரங்கிமலைக்கு 5 ரூபாய்தான். சீசன் டிக்கெட் எடுத்தால் அதைவிடவும் குறையும். பைக்கை வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மழை நாளில் ஜி.எஸ்.டி. சாலையில் இரு சக்கர வண்டி ஓட்டுவது ஆபத்தும்கூட.

சீசன் டிக்கெட் பற்றி நான்கு விஷயம்:

மூன்று மாத சீசன் விலை மாத சீசனைப் போல 2.7 மடங்கு. மூன்று தனித்தனி மாதம் எடுப்பதைவிட லாபம். ஆறு மாதம் 5.4 மடங்கு, ஒரு வருடம் 10.8 மடங்கு. பள்ளி விடுமுறையில் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு மூன்று மாத சீசனே போதும், அந்த மாதத்தை வெளியே விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில் எடுத்தால் தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு காகிதமில்லா டிக்கெட் எடுக்க விடாது. ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுத்துவிடணும், இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். குறியை ஸ்கேன் செய்யணும்.

டிக்கெட்டைச் செயலியிலேயே காட்டணும். ஸ்கிரீன்ஷாட் செல்லாது. போன் அணைந்துவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் கட்டணும். பேட்டரி நம்ப முடியாத போன் என்றால் கவுன்ட்டரில் அச்சடித்த சீசன் வாங்குங்கள், கூடவே அதில் எண் குறித்திருக்கும் அடையாள அட்டையும் கையில் இருக்கணும்.

2025 ஏப்ரலில் வந்த ஏசி லோக்கலில் சாதாரண சீசன் செல்லாது. அதற்குக் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். எக்ஸ்பிரஸ் வண்டியிலும் ஏறக் கூடாது.

சேலையூர் அக்கா
தம்பி, உங்க மனைவி வர்ற நேரத்தை யாரும் சொல்லலையே, அதையும் பாருங்க. நுங்கம்பாக்கத்துல சாயங்காலம் 6.15-க்கு ஏறினா வண்டி ஏற்கெனவே பாதி நிரம்பித்தான் வரும். அடுத்து கோடம்பாக்கம், அதுக்கப்புறம் மாம்பலம். ரங்கநாதன் தெருக் கூட்டம் மொத்தமும் பையோட மாம்பலத்துல ஏறும். மகளிர் பெட்டியில ஏறினவுடனே வாசல் பக்கத்துல நிக்காம உள்ளே போயிடணும், இருக்கை வரிசைகளுக்கு நடுவுல. கிண்டியில, பரங்கிமலையில நிறைய பேர் இறங்குவாங்க, அப்ப உள்ளே நிக்கிறவங்களுக்குத்தான் உட்கார இடம் கிடைக்கும். வாசல்ல நின்னா ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் இடிபடணும், செயின், போன் ரெண்டுக்கும் ஆபத்து.

எந்தப் பெட்டி படிக்கட்டுக்கு நேரா நிக்குதுன்னு முதல் வாரத்துலயே குறிச்சு வச்சுக்கணும். எல்லா வண்டியும் ஒரே மாதிரி நிக்காது, அறிவிப்புல கேட்டுக்கணும். தாம்பரத்துல படிக்கட்டுக்கு நேரா இறங்கறவங்களுக்கும் கடைசிப் பெட்டியில இறங்கறவங்களுக்கும் வெளியே வர அஞ்சு நிமிஷம் வித்தியாசம். அந்த அஞ்சு நிமிஷத்துல பஸ் போயிடும்.

பஸ்ஸுன்னதும் ஞாபகம் வருது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துல பெண்களுக்கு 2021 மே மாசத்துலேர்ந்து கட்டணம் இல்ல. முன்பக்கம் இளஞ்சிவப்பு அடிச்ச வண்டி. சேலையூர், கேம்ப் ரோடு, செம்பாக்கம், முடிச்சூர்னு எங்க வீடு பார்த்தாலும் அந்த ரோட்டுல இந்த வண்டி எத்தனை வருது, ராத்திரி கடைசி வண்டி எத்தனை மணிக்குன்னு பஸ் ஸ்டாப்புல இருக்கற கடைக்காரர்கிட்ட கேளுங்க. பெரிய ரோட்டுலேர்ந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போற நகர்னா பஸ் இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஆட்டோவுக்குத்தான் காசு போகும்.

முக்கியமா, ராத்திரி 9.30-க்கு ரெண்டு பேரும் சேர்ந்து அந்தத் தெருவுல நடந்து பாருங்க. விளக்கு எரியுதா, காலி மனை எத்தனை இருக்கு, நாய் எப்படின்னு பகல்ல தெரியாது.

மஞ்சள் வாளி
தண்ணீருக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லணும், ஏனென்றால் வாடகையில் மிச்சம் பிடிப்பதெல்லாம் இதில்தான் கரையும்.

தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசுத் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. மூன்று பேர் என்றால் 400 லிட்டர், ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தால் 540. இப்போது எட்டு வீடு உள்ள அடுக்ககத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 540 என்றால் நாளைக்கு 4,300 லிட்டருக்கு மேல். போர் (ஆழ்துளைக் கிணறு) வற்றிவிட்டால் 12,000 லிட்டர் லாரி ஒன்று மூன்று நாள்கூட வராது. ஆக மே மாதத்தில் மாதம் பத்துப் பதினோரு லாரி. அந்தச் செலவு எட்டாகப் பிரியும். இதைப் "மெயின்டனன்ஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் ஒளித்துவைத்திருப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி "தண்ணீர் வருமா" என்பதில்லை, "போன மே மாசம் எத்தனை லாரி வந்தது, வீட்டுக்கு எவ்வளவு பிரித்தீர்கள்" என்பது. உரிமையாளரைவிட அடுத்த வீட்டு வாடகைக்காரர் உண்மையைச் சொல்வார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது லாரிக்கு வாரக்கணக்கில் காத்திருந்த தெருக்கள் இந்தப் பக்கம் நிறைய. அந்த வருடம் அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் போரின் உண்மையான பலம் தெரிந்துவிடும்.

அடுத்து தரம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்லும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாதபோது 2,000 வரை. குளிக்க, துவைக்க 1,000 வரை சமாளிக்கலாம். 1,500-ஐத் தாண்டினால் துணி நிறம் மங்கும், சோப்பு நுரைக்காது, கீசர் காயில் ஒரு வருடத்தில் சுண்ணாம்பு பிடித்துப் போகும். பேனா இல்லையென்றாலும் வீடு பார்க்கப் போகும்போது பாத்ரூம் குழாயின் வாயைத் தொட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு விரலில் சொரசொரவென்று பட்டால் கடின நீர். கழுவிப் பளபளவென்று வைத்திருந்தாலும் குழாயின் அடிப்பக்கத்தையும் ஷவர் துளைகளையும் யாரும் தேய்ப்பதில்லை.

டி.டி.எஸ். பேனா காட்டாத ஒன்று இரும்பு. இதற்கு வாளிதான் வழி. வெள்ளை அல்லது இளமஞ்சள் வாளியில், தொட்டித் தண்ணீர் அல்ல, மோட்டாரைப் போட்டு நேராகப் போரிலிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். காற்றுப் பட்டதும் கரைந்திருக்கும் இரும்பு துருவாக மாறும், ஒரு மணி நேரத்தில் லேசாக மஞ்சள் தட்டும், மறுநாள் காலை வாளியின் அடியில் செம்மண் தூள் மாதிரி படிந்திருக்கும். மேல்தொட்டித் தண்ணீரை வைத்துச் சோதித்தால் இது தெரியாது, ஏற்கெனவே தொட்டியிலேயே படிந்திருக்கும். இரும்பு உள்ள தண்ணீரில் வெள்ளைச் சீருடை இரண்டு மாதத்தில் பழுப்பாகும், வாஷிங் மெஷினின் உள்வடிகட்டி அடைக்கும். கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் மட்டும் போட்டால் போதாது, அதற்கு முன் இரும்பு நீக்கும் வடிகட்டி வைக்கணும். இல்லையென்றால் சாஃப்ட்னரில் உள்ள ரெசின் இரும்பேறிச் சீக்கிரமே வீணாகும், எவ்வளவு உப்புப் போட்டுக் கழுவினாலும் திரும்பாது.

குடிக்க ஆர்.ஓ. வைப்பதாக இருந்தால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். அந்தக் குழாயை வாளியில் விட்டுத் தரை கழுவ, கழிவறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். கேன் தண்ணீர் என்றால் மூடியின் சீல், ஐ.எஸ்.ஐ. முத்திரை, நிரப்பிய தேதி மூன்றும் பாருங்கள். கேனே கீறல் விழுந்து மங்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மாநகராட்சிக் குழாய் இருக்கிறது என்றால், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். இரண்டு பேரும் 8 மணிக்குக் கிளம்பிவிடும் வீட்டில் 10 மணிக்கு வரும் தண்ணீர், சம்ப்புக்கு (தரைக்குக் கீழே உள்ள தொட்டி) நேரடி இணைப்பு இருந்தால்தான் பயன்படும்.

புதுக்குடித்தனம்
மஞ்சள் வாளி சார், மிகவும் நன்றி. ஒரு சந்தேகம். தனி வீட்டின் மாடிப் போர்ஷன் ஒன்று பார்த்தோம். மோட்டாருக்குப் பதில் கம்ப்ரசர் வைத்திருக்கிறார்கள். அது நல்லதா கெட்டதா?

மஞ்சள் வாளி
கம்ப்ரசர் மோட்டார் வைப்பது பெரும்பாலும் போரில் ஊற்று குறைவாக இருந்தால்தான். காற்றை உள்ளே அனுப்பித் தண்ணீரை விட்டு விட்டு மேலே தள்ளும். தண்ணீர் இல்லாதபோது ஓடினாலும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் சப்மெர்சிபிள் மோட்டார் மாதிரி எரிந்துபோகாது, அதனால்தான் வைக்கிறார்கள். குறை என்னவென்றால் சத்தம் அதிகம், கரண்ட் செலவும் அதிகம், ஒரு தொட்டி நிரம்ப நேரமும் ஆகும். போட்டுக் காட்டச் சொல்லி 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று கடிகாரம் பாருங்கள். முதல் வாளியை விட்டுவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். இரண்டாவது அளவுதான் போரின் உண்மை.

கலங்கல்
மழையைப் பற்றி எழுதுகிறேன். "மழைக்கு ஒரு சொட்டு நிக்காது" என்பதற்கு அர்த்தம் இருக்கிற இடமும் இருக்கிறது, இல்லாத இடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே நகரின் இரண்டு தெருவாகவும் இருக்கும்.

மேற்கே தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத் திருநீர்மலை, அனகாபுத்தூர் என்று போகும். செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம், அதாவது முடிச்சூருக்குக் கீழே. அதனால் முடிச்சூர்க்காரர்கள் டி.வி.யில் செம்பரம்பாக்கம் எத்தனை அடி என்று பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அவர்கள் பார்க்க வேண்டியது மேலே உள்ள சிறு ஏரிகளை. 2015 டிசம்பரில் அந்தப் பகுதி மூழ்கியது மேலிருந்து வந்த தண்ணீரால். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், கரை கட்டினார்கள், நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் ஆற்றங்கரையை ஒட்டிய தரைத்தளம் வேண்டாம் என்பதே என் முடிவு.

கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்பிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகும். ஏரி பக்கத்தில் இருப்பது தவறில்லை, நிலத்தடி நீருக்கு நல்லதும்கூட. ஆனால் கலங்கல் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகத்தான் வழியும், அங்கிருந்து போக்குக் கால்வாய் எந்தத் தெருக்களின் ஊடே போகிறதோ அங்கேதான் தண்ணீர் வரும். கால்வாய் மேலே ஸ்லாப் போட்டு மூடித் தெருவாக்கியிருந்தால் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. பழைய ஆள் யாராவது, குறிப்பாக மாடு வைத்திருப்பவர், கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்.

வீட்டில் பார்க்க வேண்டியவை. தெருவிலிருந்து வாசலுக்கு எத்தனை படி ஏறுகிறீர்கள்? படி அரை அடி என்று வைத்தால் மூன்று படிக்குக் குறைவாக இருக்கிற தரைத்தளத்தை யோசித்து எடுங்கள். இறங்கிப் போகிற வீடு என்றால் வேண்டவே வேண்டாம். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்து, நல்ல வீடுகள் பள்ளத்தில் போனவை இங்கே ஏராளம். ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய இடத்தில் பெயர்த்த தடம் இருந்து, பெட்டி தலைக்கு மேல் ஏற்றி வைத்திருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறது. சுவரில் இடுப்புயரம் மட்டும் புது டைல்ஸ், கீழ் சுவிட்ச் பாக்ஸ்களை மூடி மேலே மாற்றியிருப்பது, வாசலில் ஓரடிக் கட்டுச்சுவர், ஒவ்வொன்றுக்கும் ஒரே காரணம்தான். காம்பவுண்டுச் சுவரின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள், அங்கே பழுப்புக் கோடு அப்படியே இருக்கும். தரையிலிருந்து அந்தக் கோடு எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து, வாசற்படி உயரத்தோடு ஒப்பிடுங்கள்.

சம்ப் மூடி தரைமட்டத்தில் இருந்தால் மழைநீரும் கழிவுநீரும் முதலில் நுழைவது அங்கேதான். அப்படி நுழைந்துவிட்டால் முழுக்க இறைத்துக் கழுவி நிரப்பிய பிறகு, ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, கொஞ்ச நேரம் விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றணும். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

சேலையூர் அக்கா
கலங்கல் அண்ணா சொன்னதோட கழிவுநீரையும் சேத்துக்கோங்க. பாதாளச் சாக்கடை வராத தெருன்னா செப்டிக் டேங்க்தான். லாரி எத்தனை மாசத்துக்கு ஒருதடவை வருது, காசு யார் கொடுக்கறதுன்னு கேளுங்க. அடிக்கடி வருதுன்னா டேங்க் சின்னதுன்னு அர்த்தம், இல்லேன்னா நிலத்தடித் தண்ணி உள்ளே ஊறுதுன்னு அர்த்தம். டேங்குக்கும் போருக்கும் 15 மீட்டராவது இடைவெளி இருக்கணும்பாங்க. அரை கிரவுண்டு மனையில அது நடக்காத காரியம், அதனாலதான் அந்த மாதிரி வீட்டுல போர்த் தண்ணியைக் குடிக்கவே கூடாது.

ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல இன்னும் சில சின்ன விஷயம் உண்டு. குப்பை வண்டி காலை எத்தனை மணிக்கு வருது? சிலிண்டர் வந்தா போன்ல வர்ற நம்பரைச் சொல்லி வாங்கி வைக்க பக்கத்து வீட்டுல யார் இருப்பாங்க? பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு வீடு இருக்கற அதே பக்கத்துல இருக்கணும். இது சின்ன விஷயம் இல்ல, பெரிய விஷயம். ஒன்றாம் வகுப்புக் குழந்தையோட வேன் காலையில சுரங்கப்பாதையிலயோ மேம்பாலத்துலயோ மாட்டினா தினமும் அரை மணி நேரம் போகும்.

ஈ.பி. கார்டு
மின்சாரம், அட்வான்ஸ் இரண்டையும் சுருக்கமாக.

உங்கள் போர்ஷனுக்குத் தனி சர்வீஸ் எண் இருக்கிறதா பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் என்றால் இருவரின் யூனிட்டும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடும், இலவச யூனிட்டும் ஒரே தடவைதான். உரிமையாளர் சப் மீட்டர் வைத்து யூனிட் 8, 10 ரூபாய் என்று வாங்குவது இங்கே பரவலான பழக்கம். ஏசி போடுகிற வீட்டில் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். சர்வீஸ் எண்ணை வாங்கிப் பழைய பில்களை இணையத்தில் பார்த்துவிட்டே பேசுங்கள். மின்தடைப் புகாருக்கு மின்னகம், 94987 94987.

இன்வெர்ட்டர்: 150 ஏ.எச். பேட்டரி ஒன்று நல்ல நிலையில் இருந்தால் 1,100 வாட்-மணி அளவுக்குத் தரும். 75 வாட் சாதாரண ஃபேன் மூன்று, 10 வாட் விளக்கு நாலு என்றால் நாலு மணி நேரம். அதே ஃபேன்களை 30 வாட் பி.எல்.டி.சி.யாக மாற்றினால் எட்டு மணி நேரம். புயல் இரவுகளில் இரண்டாவதுதான் தேவைப்படும்.

அட்வான்ஸ்: பத்து மாதம் கேட்பது சென்னை வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள். ஐந்து மாதத்துக்கு இறங்கினாலும் நல்லதுதான். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், லாரித் தண்ணீர் யார் செலவு, வாடகை எத்தனை சதவீதம் ஏறும், மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதியே வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அம்பத்தூர் ஓ.டி.
மேற்கு ரயில் பாதையையும் பாருங்களேன் நண்பரே. கொரட்டூர், அம்பத்தூர், திருமுல்லைவாயல் எல்லாம் நல்ல ஊர், தெருக்களும் பழைய திட்டத்தோடு அமைந்தவை.

செங்கை லோக்கல்
ஊர் நல்ல ஊர்தான் சார், ஆனால் இந்தக் குடும்பத்துக்குப் பொருந்தாது. அந்த லோக்கல்களில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் முடியும். நுங்கம்பாக்கம் போக அங்கிருந்து சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன் நடந்து மறுபடி ஏறணும். தினமும் இரண்டு தடவை, மழையிலும். வேலை அம்பத்தூர் எஸ்டேட்டிலோ வில்லிவாக்கத்திலோ இருப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது அப்படியே சரி.

ஊரப்பாக்கம், வண்டலூர் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லணும். 2023 டிசம்பர் 30-லிருந்து கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இயங்குகிறது. தென்மாவட்டத்துக்குப் போக வர மிக வசதி, 21ஜி மாதிரி மாநகரப் பேருந்துகளும் அங்கிருந்தே கிளம்புகின்றன. ஆனால் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய இரண்டு மூன்று மாலைகளில் பெருங்களத்தூர் முதல் ஊரப்பாக்கம் வரை சாலை நகராது. அந்த நாட்களில் ரயில் மட்டும்தான். வண்டியைத் தாம்பரத்தில் விடாமல் உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக லோக்கல்களைக் குறைப்பதும் ரத்து செய்வதும் அடிக்கடி நடக்கும். தேர்வு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று ஞாயிறு போக வேண்டியிருந்தால் சனிக்கிழமையே தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பாருங்கள்.

புதுக்குடித்தனம்
எல்லாருக்கும் நன்றி. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், கிழக்குப் பக்கம், முதல் மாடி என்று வட்டத்தைச் சுருக்கிக்கொண்டோம். வரும் ஞாயிறு மூன்று வீடு பார்க்கிறோம். டி.டி.எஸ். பேனா, டேப், வெள்ளை வாளி எடுத்துப் போகிறோம். கிழக்கு என்று முடிவெடுத்தது சரிதானே?

கலங்கல்
பள்ளிக்கூடம் கிழக்கில் கிடைத்தால் சரி. முதல் மாடி என்றாலும் சம்ப், மீட்டர், பைக் நிறுத்தும் இடம் மூன்றும் கீழேதான் இருக்கின்றன. அதனால் காம்பவுண்டுச் சுவரையும் வாசற்படியையும் பார்க்காமல் விடாதீர்கள்.

மஞ்சள் வாளி
வாளியை ஞாயிறு நிரப்பி, மாடிப்படிக்குக் கீழே ஓரமாக வைத்துவிட்டு வாருங்கள், உரிமையாளரிடம் சொல்லிவிட்டே. திங்கள் காலை வந்து பாருங்கள்.

செங்கை லோக்கல்
திங்கள் காலை எப்படியும் போகிறீர்கள் என்றால் 7.50-க்கு அந்த வீட்டு வாசலில் இருங்கள். வாளியைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே கடிகாரத்தை ஓட விட்டு, ஸ்டேஷன் போய், லோக்கல் ஏறி, பரங்கிமலையில் இறங்கி எக்காட்டுத்தாங்கல் வரை போய்விடுங்கள். மனைவி அதே வண்டியில் நுங்கம்பாக்கம் வரை போகட்டும். இருவரும் ஆபீஸ் வாசலில் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகு உரிமையாளருக்குப் போன் செய்தால் போதும்.